புதுப்பிப்பு: வில்லாபுரத்தில் அம்மாவுக்கு வீடு

மதுரை வில்லாபுரத்தில் அம்மா தனியாக இருக்கலாமா, சங்கிலிப் பறிப்பு பயம் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. வீடு பிடித்துவிட்டோம்.

ராத்திரி 9 மணிக்குப் போய் நடந்து பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் உதவியது. முதலில் பார்த்த தெருவில் பாதி விளக்குகள் எரியவில்லை, விட்டுவிட்டோம். இந்தத் தெருவில் பரோட்டா கடை 11 மணி வரை திறந்திருக்கிறது. ஆள் நடமாட்டம்தான் எனக்குக் கேமராவைவிடப் பெரிய தைரியம்.

அப்புறம், சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2024 ஜூலை 1 முதல் பறிப்பு தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 304-ஆவது பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அவசரத்துக்கு 112.

சித்திரைத் திருவிழா நெரிசலுக்குச் சங்கிலியைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.