பாட்டில் பழகுன பாப்பா திரும்ப தாய்ப்பால் குடிப்பாளா? 7 வாரம் ஆகுது

திருமங்கலம்_பொண்ணு:
அக்காமாரே, பாப்பா 36 வாரத்துலயே பொறந்துட்டா, 2 கிலோ 100 தான் இருந்தா, கண்ணாடிப்பெட்டில 9 நாள் வச்சிருந்தாங்க, அங்கயே பவுடர் பால பாட்டில்ல குடுத்துப் பழக்கிட்டாங்க. எனக்கு ஆபரேஷன், தையல் வலில எந்திரிக்கவே முடியல, நீ பீச்சியாவது குடும்மான்னு ஒருத்தர்கூட சொல்லல. இப்ப 3 கிலோ 300 இருக்கா. மார்ல வச்சா வில்லு மாதிரி பின்னால வளைஞ்சு முகம் செவந்து கத்துறா. பாட்டில குலுக்குற சத்தம் கேட்டதும் அழுகைய நிறுத்திட்டு அந்தப்பக்கம் திரும்புறா பாருங்க, அதப் பாக்கத்தான் தாங்கல. பீச்சுனா ஒரு வேளைக்கு 15 மில்லி வருது. அத்தை ஃபோன் பண்ணி ஒனக்குப் பால் ஊறல விட்டுருங்குறாங்க, அம்மாச்சி தெனம் பால்சுறாப் புட்டும் பூண்டுமா போடுறாங்க. இனிமே முடியுமா?

உசிலை_மதினி:
முடியும்த்தா. எம்பையன் ரெண்டு மாசத்துல திரும்ப வந்தான், 19 நாளாச்சு. பசிச்சுக் கத்துறப்ப மட்டும் மார்ல வைக்காத, அந்த நேரம் அவுகளுக்குப் பொறுமையே இருக்காது, நமக்கும் இருக்காது. தூளில தூங்கிட்டு லேசா நெளியுவா பாரு, கண்ணு தொறக்கும் முன்னாடி எடு, லைட்டப் போடாத. நீ மேல்துணி இல்லாம அவளுக்கும் சட்டையக் கழட்டிட்டு நெஞ்சுல சும்மா போட்டுக்க, குடிக்கலன்னாலும் பரவால்ல கெடக்கட்டும். எனக்கு விடிகாலை 4 மணிக்குத்தான் மொதமொத வாய வச்சான், அரைத்தூக்கத்துல பிடிவாதம் மறந்துபோகும் போல.

இன்னொன்னு, எங்க அம்மா பக்கத்துல ஒக்காந்து பாலாடைல (பிள்ளைக்குப் பால் பொகட்டுற சங்கு) இருந்து பீச்சுன பால மார் மேல சொட்டுச் சொட்டா விடுவாக, அது வழிஞ்சு காம்பு வழியா அவன் வாய்க்குள்ள போகும். சப்புனா ஒடனே பால் வருதுன்னு நெனச்சுக்கிட்டு இன்னும் சப்புவான். கொஞ்சம் ஏமாத்து வேலதான், ஆனா ரெண்டு பேர் வேணும் இதுக்கு. ஜாக்கெட்டு, பாயி எல்லாம் பால் கவுச்சி, அதப் பாக்காத.

மேலூர்_நர்ஸ்:
நான் பிரசவ வார்டுல 11 வருசமா இருக்கேன். பாப்பாவுக்கு ஒம்மேல கோவம் இல்லம்மா, வேகம் பழகிருச்சு அவ்ளோதான். பாட்டில்ல வாய வச்ச ஒடனே கொட்டும், மார்ல ஒண்ணு ரெண்டு நிமிசம் சப்புன பின்னாடிதான் பால் எறங்கும். அதனால அங்க வேகத்தக் கொறைக்கணும், இங்க கூட்டணும். வைக்கிறதுக்கு முன்னாடி கையால கொஞ்சம் பீச்சி பால் எறங்க ஆரம்பிச்சதும் குடு. டப்பா பால பாலாடைல குடு, முடியலன்னா பாட்டில படுக்கவாட்டுல பிடிச்சு பிள்ளைய நிமித்தி வச்சு விட்டுவிட்டுக் குடு. தலைய மட்டும் பிடிச்சு மாரப் பாத்து அழுத்தாத, அழுத்துனா வளையத்தான் செய்யும், கழுத்தையும் முதுகையும் தாங்கு.

பால் கூடணும்னா 24 மணி நேரத்துல 8 தடவையாவது மார் காலியாகணும், ராத்திரி ஒரு தடவையாவது கண்டிப்பா பீச்சு. சுறா சாப்புடு, நல்ல சாப்பாடுதான், ஆனா எடுக்க எடுக்கத்தான் ஊறும். காம்பு உள்வாங்கி இருக்கா? இருந்தா 20 மில்லி சிரிஞ்சு புதுசா வாங்கி ஊசி மாட்டுற முனைய வெட்டிட்டு, உள்ள இருக்குற தண்ட உருவி வெட்டுன பக்கமா உள்ள விட்டு, வழவழன்னு இருக்குற பக்கத்த காம்புல வச்சு பைய இழுத்து அரை நிமிசம் பிடி, குடுக்குறதுக்கு முன்னாடி. வலிக்குற அளவுக்கு இழுக்கக்கூடாது.

டப்பா பால ஒரேடியா நிப்பாட்டிராத!! நாளைக்கு 6 தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போகுதா பாரு, வாரம் ஒருக்கா எடை போடு. நாக்குக்கு அடில ஒட்டிருக்கா, வாய்ல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு டாக்டர்ட்ட காட்டிரு. பால் ஊற மாத்திரைன்னு யாராச்சும் சொன்னா டாக்டரக் கேக்காம போடாத.

ரெண்டுபுள்ளைக்காரி:
எல்லாரும் முடியும்னு சொல்றாங்க, நான் மாத்திச் சொல்றேன் கோவிச்சுக்காதீங்க. என் ரெண்டாவது புள்ள வரவே இல்ல, ஒன்றரை மாசம் அழுது பாத்தேன். கடைசில பீச்சுனது பாதி டப்பா பாதின்னு குடுத்தேன், இப்ப ஸ்கூல் போறான். முயற்சி பண்ணுங்க, ஆனா தூங்கவும் செய்யுங்க.

திருமங்கலம்_பொண்ணு:
நர்ஸக்கா, பீச்சுன பால வெளிய எவ்ளோ நேரம் வைக்கலாம்? இங்க கரண்ட் அப்பப்பப் போகுது.

மேலூர்_நர்ஸ்:
4 மணி நேரம்னு சொல்லுவாங்க, அது 25 டிகிரிக்கு. நம்மூரு வெயிலுக்கு அம்புட்டு நேரம் வைக்காத, ஒடனே ஃப்ரிட்ஜ் உள்ள வை, கதவுல வைக்காத. குடுக்குறப்ப சுடுதண்ணி கிண்ணத்துல வச்சு வெதுவெதுப்பாக்கு, அடுப்புல வச்சுக் காய்ச்சாத.

திருமங்கலம்_பொண்ணு:
16 நாள் கழிச்சு வர்றேன். முந்தாநேத்து விடிகாலைல தூளில இருந்து எடுத்து வச்சேன், 7 நிமிசம் குடிச்சாக்கா!! முழுங்குற சத்தம் கேட்டுச்சு, அம்மாச்சிய எழுப்பிக் காட்டுனேன். நேத்து ராத்திரி ரெண்டு தடவ. பகல்ல இன்னும் கத்துறா, டப்பா பால் நாளைக்கு 4 வேளையா கொறைஞ்சிருக்கு, எடை 3 கிலோ 750. ஆனா வலது பக்கம் மட்டும்தான் குடிக்கிறா, இடது பக்கம் வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறா.

உசிலை_மதினி:
எம்பையனும் அப்டித்தான். வலதுல குடிச்சுக்கிட்டு இருக்குறப்பவே அவள அப்டியே திருப்பாம, அதே வாக்குல இடது பக்கம் நகத்தி வை, காலு ஒன் அக்குளுக்கு அடில பின்னால போயிரும். ஒரு தலகாணிய முட்டுக்குடுத்துக்க. இடது பக்கம் கட்டிக்கிராம பீச்சிக்கிட்டே இரு.