வாடகை வீட்டு ஹாலுக்கு ஹோம் தியேட்டர், 25 ஆயிரத்துக்குள்ள எது எடுக்கலாம்? அத்தைக்கு வசனம் புரியணும், கீழ் வீட்டுக்கு அதிரக்கூடாது

வேளச்சேரி_மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். வேளச்சேரில வாடகை ஃபிளாட், ரெண்டாவது மாடி. ஹால் 10க்கு 14 அடி, டிவிக்கு வலது பக்கம் சுவர், இடது பக்கம் அப்படியே கிச்சனுக்கு திறந்திருக்கும். 43 இன்ச் டிவி, அதுல சத்தம் வருது ஆனா பேசறது புரியல. அத்தைக்கு 70 தாண்டிடுச்சு, சீரியல் வசனம் கேக்கணும்னு வால்யூமை 40க்கு ஏத்தி வெச்சிருப்பாங்க, நடுவுல விளம்பரம் வந்தா தூக்கிப் போடும், உள்ரூம்ல பையன் பத்தாவது பரீட்சைக்கு படிச்சிட்டு இருக்கான், கதவை சாத்தினாலும் அவனுக்கு எல்லாம் கேக்குது. என் வீட்டுக்காரருக்கு சனி ஞாயிறு ராத்திரி படம் பாக்கணும், நல்ல பேஸ் வேணும், 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், பேஸுக்குன்னு தனியா ஒரு வூஃபர்) வாங்கிடலாம்ங்கறார். ஆனா ராத்திரி அத்தை ஹால்லயே திவான்ல தான் படுப்பாங்க. ஓனர் நேர் கீழ் வீட்ல இருக்கார், சுவர்ல ட்ரில் போடவும் விடமாட்டார். கடைல கேட்டா 1000 வாட்ஸ், 5000 வாட்ஸ்னு சொல்றாங்க, எனக்கு அது எதுக்குன்னே புரியல. எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி எதாவது இருக்கா?

பழைய_ஆம்ப்ளிஃபயர்:
நான் எப்பவும் சொல்றது ஏவிஆர் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டற ஆம்ப் பெட்டி) ஒண்ணு, உள்ள ஆம்ப் இல்லாத தனித்தனி பாஸிவ் ஸ்பீக்கர், இதுதான் கடைசி வரைக்கும் நிக்கும். ஒரு ஸ்பீக்கர் போனா அதை மட்டும் மாத்திக்கலாம், ஏவிஆர்ல பெரிய சத்தத்தை அடக்கற நைட் மோட் மாதிரி செட்டிங் இருக்கும், சென்டர் ஸ்பீக்கரை மட்டும் 3, 4 டெசிபல் ஏத்தி வெச்சா வசனம் தனியா எழும்பி வரும். யமஹா ஆர்எக்ஸ்-வி385 எடுத்தா மைக்கை சோபாவுல வெச்சு ரூமுக்கு ஏத்த மாதிரி அதுவே செட் பண்ணிக்கும். ஆனா புதுசா வாங்கினா ஏவிஆரே உங்க பட்ஜெட்டை முழுங்கிடும். அதனால ஏவிஆர் யூஸ்டுல பாருங்க, முதல்ல முன்னாடி ரெண்டு, நடுவுல ஒண்ணு, மூணே ஸ்பீக்கர் போதும். போல்க் டி15 மாதிரி 5.25 இன்ச் வூஃபர் உள்ள புக்ஷெல்ஃப் (அலமாரில வைக்கற சின்ன பெட்டி ஸ்பீக்கர்) ஜோடி இந்த ஹாலுக்கு தாராளம். பின்னாடி ஸ்பீக்கர், சப்வூஃபர் எல்லாம் சொந்த வீட்டுக்கு போனப்புறம் சேத்துக்கலாம், எதுவும் வீணாகாது.

கோவை_டெசிபல்:
வாட்ஸ் பத்தி கேட்டீங்க இல்லைங்க, அதை மொதல்ல சொல்லிடறேன். பெட்டில பெருசா போட்டிருக்கற 5000 பிஎம்பிஓ, அது விளம்பரத்துக்கு போடற உச்ச கணக்கு, அதை பாக்கவே வேணாம்ங்க, ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து நிஜமா குடுக்கற வாட்ஸ் எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க. அதுவும் கூட வீட்டுக்கு ரொம்ப தேவைப்படாது. சாதாரண புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்துல ஏறக்குறைய 86 டெசிபல் குடுக்கும், தூரம் ரெட்டிப்பானா 6 டெசிபல் குறையும், நீங்க 8 அடில உக்காந்தீங்கன்னா 78 பக்கத்துல வருது, மூடின ரூமுக்குள்ள சுவர்ல பட்டு திரும்பறதுனால இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். நாம சகஜமா பேசறது 60 டெசிபல் சுமாருக்குதான்ங்க. அப்ப ஒரு வாட்டே சீரியலுக்கு அதிகம். வாட்ஸை ரெட்டிப்பாக்கினா கிடைக்கறது வெறும் 3 டெசிபல், அதனால 40 வாட்டுக்கும் 80 வாட்டுக்கும் உங்க காதுக்கு பெரிய வித்தியாசம் தெரியாது. காசை வாட்ஸுக்கு குடுக்காதீங்க.

அத்தைக்கு பிரச்சனை சத்தம் பத்தாததில்லைங்க. வயசானா முதல்ல குறையறது கீச்சு ஓசை கேக்கற திறன், ச, ஷ மாதிரி எழுத்தெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு, அது விழாம போனா வார்த்தை குழம்பும். இப்ப வர்ற மெல்லிசு டிவில ஸ்பீக்கர் கீழயோ பின்னாடியோ பாத்து இருக்கும், அந்த ஓசை டேபிள்லயும் சுவர்லயும் மோதிட்டு வருது. காதுக்கு நேரா பாத்து ஒரு நல்ல ஸ்பீக்கர் வெச்சீங்கன்னா வால்யூமை குறைச்சாலே புரியும். பையன் ரூமுக்கும் அதுலயே நிம்மதி.

பேஸ் விஷயம் வேற. 40 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட 28 அடிங்க, உங்க ஹாலை விட நீளம். சாதா சுவரும் கதவும் வசன சத்தத்தை ஓரளவு நிறுத்தும், இதை நிறுத்தாது. வூஃபருக்கு அடில ரப்பர், ஃபோம் போட்டா தரை வழியா போற அதிர்வு குறையும், காத்து வழியா போறது போயிட்டேதான் இருக்கும். ஃபோம் போட்டாச்சு, இனி ஓனருக்கு கேக்காதுன்னு மட்டும் நெனச்சுடாதீங்க.

வேளச்சேரி_மாடிவீடு:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். வாட்ஸ் கணக்கு என் வீட்டுக்காரர்கிட்ட படிச்சு காட்டினேன், 1000 வாட்ஸ் பேச்சை விட்டுட்டார். யூஸ்டு ஏவிஆர் எனக்கு பயமா இருக்கு, ரிப்பேர்னா யார்கிட்ட போறது, அதோட நாலு ரிமோட் அத்தைக்கு ஒத்து வராது. டிவி சத்தத்தை ஸ்பீக்கருக்கு வெளிய அனுப்ப டிவில எச்டிஎம்ஐ ஏஆர்சி பாயிண்ட் இருக்கு, ஆப்டிகலும் இருக்கு. தெரிஞ்சவங்க எடிஃபையர் ஆர்1280டிபி சொன்னாங்க, ரெண்டு ஸ்பீக்கர்தான், ஆம்ப் உள்ளயே இருக்காம். இன்னொண்ணு சோனி எச்டி-எஸ்20ஆர், அது பார், வூஃபர், பின் ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்த 5.1 செட். இதுல எது? திவான் டிவிக்கு நேர் எதிர்ல இல்லை, கிச்சன் பக்கம் ஓரமா இருக்கு, சோபா மட்டும்தான் நேர்ல.

மயிலாப்பூர்_மெல்லிசை:
திவான் ஓரமா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் முடிவு பண்ற விஷயம் மேடம்.

எடிஃபையர் நல்ல ஜோடி, பாட்டுக்கு இந்த ரெண்டுல அதைத்தான் எடுப்பேன். ஆனா ரெண்டே ஸ்பீக்கர்ல வசனம் நடுவுல இருந்து வர்ற மாதிரி தோணறது சரியா நடுவுல உக்காந்தவங்களுக்கு மட்டும்தான். ஓரத்துல இருக்கற அத்தைக்கு கிட்ட இருக்கற இடது ஸ்பீக்கர்ல இருந்தே எல்லாம் வரும். கேக்கும், புரியவும் புரியும், டிவி ஸ்பீக்கரை விட ஆயிரம் மடங்கு மேல், ஆனா ஆள் ஸ்கிரீன்ல ஒரு இடத்துல குரல் இன்னொரு இடத்துல. எடுத்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, அதோட ஆப்டிகல் பிசிஎம் (சுருக்காத சாதா டிஜிட்டல் ஆடியோ) மட்டும்தான் வாங்கும், டிவி செட்டிங்ல டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்னு மாத்தலைன்னா சத்தமே வராது, ஸ்பீக்கர் ரிப்பேர்னு திருப்பிக் குடுக்கற ஆளுங்க இருக்காங்க. வால்யூமுக்கும் அதோட ரிமோட்தான், டிவி ரிமோட் வேலை செய்யாது.

எஸ்20ஆர்ல முன்னாடி இருக்கற பார்லயே சென்டர் தனியா இருக்கு, எந்த மூலைல உக்காந்தாலும் வசனம் டிவி கிட்ட இருந்துதான் வரும். ஏஆர்சில போட்டா அத்தை கைல டிவி ரிமோட் ஒண்ணு போதும், டிவி ரிமோட்லயே ஸ்பீக்கர் வால்யூமும் மாற விடற எச்டிஎம்ஐ சிஇசி செட்டிங்கை மட்டும் டிவில ஆன் பண்ணி வெச்சிடுங்க. உங்க வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனா கேபிள்ல வர்ற சீரியல் பெரும்பாலும் ஸ்டீரியோதான், இடது வலதுன்னு ரெண்டே சேனல், அதை அப்படியே விட்டா சென்டர் சும்மா கெடக்கும், அதனால ஸ்டீரியோவை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிச்சுக் குடுக்கற மோட் எதுன்னு மாத்தி மாத்தி போட்டு பாத்து, அத்தை "இப்ப நல்லாருக்கு"ன்னு சொல்றதுல நிறுத்திடுங்க. நீங்களா முடிவு பண்ணாதீங்க, உங்க காது வேற அவங்க காது வேற.

பின் ஸ்பீக்கர் ரெண்டுக்கும் வயர் உண்டு, அது வூஃபர்ல இருந்து போகும். ட்ரில் வேணாம், சின்ன ஸ்டூல் போதும், வயரை சுவர் ஓரமா கேசிங்ல விட்டு டபுள் சைட் டேப்ல ஒட்டிடுங்க. வூஃபரை மட்டும் மூலைல தள்ளாதீங்க. மூலைல பேஸ் தானா ஏறும், குமுறும், வசனத்தையும் மூடும், கீழ் வீட்டுக்கும் அதிகமா போகும். சோபா பக்கத்துலயே, உங்க வீட்டுக்காரர் கால் கிட்ட வைங்க, வூஃபர் வால்யூமை நல்லா குறைச்சிடலாம், கிட்ட இருக்கறதுனால அவருக்கு அதே அளவு பேஸ் கிடைக்கும், அத்தைக்கும் ஓனருக்கும் போறது குறையும். வயர் நீளம் எட்டுதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே டேப் வெச்சு அளந்துடுங்க.

கோவை_டெசிபல்:
மயிலாப்பூர்காரர் சொன்னது சரிங்க, வூஃபர் சோபா பக்கத்துல, நானும் அதைத்தான் சொல்லுவேன். ஒண்ணு சேத்துக்கறேன், ராத்திரி படத்துக்கு எந்த ஸ்பீக்கரும் முழு தீர்வு இல்லைங்க. அத்தை அதே ஹால்ல படுக்கறாங்க, மத்திய அரசோட 2000ஆம் வருஷ ஒலி மாசு விதில குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் வரம்பே 45 டெசிபல்தான், வெடி சத்தம் உள்ள படத்தை அதுக்குள்ள பாக்க முடியாது. டிவில ப்ளூடூத் இருந்தா வீட்டுக்காரருக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன், அதுக்கு ரெண்டாயிரம் ஒதுக்கி வெச்சுடுங்க.

பழைய_ஆம்ப்ளிஃபயர்:
எனக்கு ஏவிஆர்தான் பிடிக்கும், ஆனா நாலு ரிமோட் வேணாம், ரிப்பேருக்கு ஓட முடியாதுன்னா எஸ்20ஆர் சரியான முடிவுதான். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கமோ பெரிய ஷோரூமோ, போறப்ப அத்தையையும் கூட்டிட்டு போங்க. கடைக்காரர் போடற சண்டைக் காட்சி டெமோ வேணாம், போன்ல ஒரு சீரியல் க்ளிப் வெச்சுக்கிட்டு போய் அதை குறைஞ்ச வால்யூம்ல போடச் சொல்லுங்க.

வேளச்சேரி_மாடிவீடு:
ஞாயித்துக்கிழமை அத்தையோட போறோம். வூஃபர்ல இருந்து திவான் பின்னாடி வரைக்கும் வயர் எவ்வளவு வேணும்னு இப்பவே அளந்துட்டு இருக்கார்.