தஞ்சாவூரில் ஒரே நாள்: பெரிய கோயில் மட்டும் போதுமா, அரண்மனையும் வேண்டுமா?

கோவைப் பயணி:
அடுத்த மாதம் ஒரு நாள் தஞ்சாவூரில் இருப்போம். காலை ரயிலில் இறங்கி இரவு ரயிலில் திரும்புகிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. பையன் நான்காம் வகுப்பு. பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால் நூலகம், கோட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். முடியுமா?

கல்வெட்டுப் பிரியன்:
முடியும். ஆனால் எதையும் பார்த்ததாக இருக்காது. அரண்மனையை விட்டுவிட்டு, பெரிய கோயிலுக்கே காலையிலும் மாலையிலும் இரண்டு தடவை போங்கள்.

முதல் தடவை நான் ஒரு சுற்றுலா வண்டியில்தான் போனேன். கோயிலுக்கு 40 நிமிடம் கொடுத்தார்கள். செருப்பு விட்டு, வரிசையில் நின்று கும்பிட்டு, நந்தி முன்னால் ஒரு போட்டோ எடுப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்கள். மறுபடி தனியாகப் போனபோதுதான் கருவறை மேல் உயரும் விமானத்தின் அடித்தளம் முழுக்க எழுத்து ஓடுவதைக் கவனித்தேன். 1010-இல் கட்டி முடித்த கோயில். 'நான் கொடுத்தது, அக்கன் (அக்கா) கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது' எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொல்லியிருக்கிறான் கோயிலைக் கட்டிய சோழ மன்னன் ராஜராஜன். கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களுக்கும் கல்வெட்டு உண்டு. யார், எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்று எழுதி, ஒருவருக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் (பழைய முகத்தல் அளவு) நெல் என்று கணக்கு. நான்காம் வகுப்புப் பையனை அந்தக் கல் முன்னால் உட்கார வையுங்கள். ஆயிரம் வருடம் ஆன எழுத்தில் 'க', 'ட', 'ப' எல்லாம் அவனே கண்டுபிடிப்பான். அதை விட்டுவிட்டு அவனை வண்டியில் ஏற்றி அடுத்த இடம், அடுத்த இடம் என்று அலைக்கழிக்க வேண்டுமா?

அலங்கத்துக்காரன்:
கோயிலுக்கு நேரம் கொடுங்கள் என்பது சரி. அரண்மனையை விட்டுவிடுங்கள் என்பதை இந்த ஊர்க்காரனாக ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்ட நந்தி நாயக்கர் காலத்தது. அம்மன் சந்நிதி 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் கட்டியது. முருகன் சந்நிதியும் நாயக்கர் கட்டியதுதான். உள்ளே போகும் முதல் வாசல் மராட்டியர் வாசல், அதைத் தாண்டிய பிறகுதான் சோழர் காலத்துக் கேரளாந்தகன் வாசல். சோழனை மட்டும் பார்க்க வந்தேன் என்றால் கோயிலுக்குள்ளேயே பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்க வேண்டும்.

அப்புறம், சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை எங்கே பார்ப்பீர்கள்? அரண்மனைக்குள் இருக்கும் கலைக்கூடத்தில்தானே! திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவன், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், அங்கேதான் நிற்கிறார். பாம்புகளைச் சுற்றித் தலைப்பாகை மாதிரி முடிந்த சடை. ஒரு கால் மேல் இன்னொரு காலை மாற்றி வைத்து, வலது கையை லேசாக நீட்டிச் சாய்ந்திருக்கிறார். சாய்ந்த காளை இப்போது இல்லை. ஆனால் கை நிற்கும் விதத்தைப் பார்த்தால் காளையின் முதுகு எந்த உயரம் என்று சொல்லிவிடலாம். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அந்த வெறும் இடத்தை விட்டுக் கண் நகராது.

திருச்சி ராக்ஃபோர்ட்:
பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்களே, அதைப் பையனுக்குக் காட்டுங்கள்.

கல்வெட்டுப் பிரியன்:
தயவுசெய்து அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானம், காலையில் போனால் மேற்குப் பிராகாரத்தில் நீளமாக நிழல் கிடக்கும், அவனே அதில் நின்று பார்க்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதும் அப்படித்தான், அது பல துண்டுகள் சேர்ந்தது. இவ்வளவு உயரம் கல்லை ஏற்றி அடுக்கியவர்களுக்குப் பொய்யில் ஒரு பெருமை தேவையில்லை.

அலங்கத்துக்காரரே, ரிஷபவாகனரைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அரண்மனை என்றால் கலைக்கூடம் மட்டுமா? தர்பார் மண்டபம், மணிக்கோபுரம், சரஸ்வதி மகால் என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவை நினையுங்கள்.

அலங்கத்துக்காரன்:
அம்மாவை நினைத்துத்தான் சொல்கிறேன். மதியம் நடை சாத்திவிடுவார்கள், 4 மணி வரை திறக்க மாட்டார்கள். அந்த வெயிலில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியுமா? அந்த நேரத்தில்தான் அரண்மனை. கோபுரத்தில் யாரும் ஏற வேண்டாம். தர்பார் மண்டபத்தில் அம்மா நிழலில் உட்காரலாம், தூண்களிலும் வளைவுகளிலும் மராட்டியர் தீட்டிய வண்ணம் இன்னும் இருக்கிறது. சரஸ்வதி மகாலில் சுவடிகளை ஆய்வாளர்கள்தான் புரட்ட முடியும், ஆனால் காட்சிக்கூடம் எல்லோருக்கும் உண்டு. மனித முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சுப் படங்கள் அங்கே இருக்கின்றன, பையன் விடமாட்டான். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி ஐரோப்பாவில் அச்சான புத்தகங்களையும் இங்கே வரவழைத்தவர். அரண்மனையில் ஒரு திமிங்கல எலும்புக்கூடும் உண்டு.

கோட்டை என்று தேடிப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பெரிய கோட்டை மதில் பெரும்பாலும் போய்விட்டது. அலங்கம் என்றால் கோட்டை மதில்; கீழ அலங்கம், மேல அலங்கம் என்று தெருப் பெயரில் மிச்சம் இருக்கிறது. நான் இருப்பதும் அப்படி ஒரு தெருவில்தான். பெரிய கோயில் வாசலில் அகழியைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள், சின்னக் கோட்டை அதுதான். நேரம் மிச்சம் இருந்தால் ஆட்டோ பிடித்துக் கீழவாசல் பீரங்கி மேடு போகலாம். அங்கே இருக்கும் நாயக்கர் காலத்துப் பீரங்கி வார்த்தது இல்லை, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து இணைத்தது.

கோவைப் பயணி:
இருவருக்கும் நன்றி. காலை 6 மணிக்குக் கோயில், டிபன், வெயில் ஏறியதும் கலைக்கூடமும் தர்பார் மண்டபமும், மாலை மறுபடி கோயில். இப்படிப் போட்டிருக்கிறேன். பீரங்கியை வீட்டுக்காரரும் பையனும் மட்டும் போய்ப் பார்க்கட்டும்.

கல்வெட்டுப் பிரியன்:
என்னைக் கேட்டால் தர்பார் மண்டபத்தையும் எடுத்துவிட்டு, அம்மாவை இரண்டு மணி நேரம் அறையில் படுக்க வைப்பேன். சரி, உங்கள் விருப்பம். மாலை 5 மணிக்கு மேல் மட்டும் மேற்குப் பிராகாரத்தை விட்டு நகராதீர்கள். சாயும் வெயில் விமானத்தின் பின்பக்கத்தில் நேராக அடிக்கும் நேரம் அது.