ஜென்கின்ஸில் பயன்படாத பிளகின்களை எப்படிக் கண்டுபிடித்து நீக்குவது?

ஓசூர்_பில்டு:
வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஜென்கின்ஸ் (மென்பொருளைத் தானாக பில்டு செய்து சோதிக்கும் கருவி) சர்வர், உபுண்டுவில் ஓடுகிறது. ஆளுக்கொன்றாகப் போட்டுப் போட்டு பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) 140-ஐத் தாண்டிவிட்டன. பாதுகாப்பு எச்சரிக்கைகளும் வரிசையாக நிற்கின்றன. எது தேவை, எது வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது எப்படி? பாதி ஜாப் ஃப்ரீஸ்டைல் (திரையில் படிவம் நிரப்பி அமைப்பது), மீதி பைப்லைன் (ஸ்கிரிப்டாக எழுதுவது).

தருமபுரி_டெவாப்ஸ்:
முதலில் ஜென்கின்ஸ் ஹோம் கோப்புறையை பேக்கப் எடுங்கள் சார். இடம் போதாவிட்டால் வொர்க்ஸ்பேஸை (பில்டு நடக்கும் தற்காலிகக் கோப்புறை) விட்டுவிடலாம். சீக்ரெட்ஸ் கோப்புறையை மட்டும் விடவே கூடாது. அது இல்லாமல் சேமித்த பாஸ்வேர்டு எதையும் திறக்க முடியாது.

ஃப்ரீஸ்டைலுக்கு வேலை சுலபம். ஒவ்வொரு ஜாபின் கான்ஃபிக் எக்ஸ்எம்எல்லிலும் பிளகின் பெயர், அட் குறி, பதிப்பு எண் என்று எழுதியிருக்கும். கிரெப்பில் (கோப்புகளில் சொல் தேடும் கட்டளை) அந்தப் பெயர்களை மட்டும் பொறுக்கி, நிறுவிய பட்டியலோடு ஒப்பிடுங்கள். பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம், அது கடைசியாகச் சேமித்தபோது இருந்தது. ஹோமின் மேல்மட்டத்தில் உள்ள எக்ஸ்எம்எல் கோப்புகளையும் நோட்ஸ் (nodes, பில்டு ஓடும் கணினிகளின் அமைப்பு) கோப்புறையையும் சேர்த்துத் தேடுங்கள்.

பைப்லைனில்தான் ஏமாந்துபோவார்கள். ஜென்கின்ஸ்ஃபைல் (பைப்லைன் ஸ்கிரிப்ட்) கிட் (Git) களஞ்சியத்தில் இருப்பதால் இந்தத் தேடலில் சிக்காது. எல்லாக் கிளைகளையும், ஷேர்டு லைப்ரரியையும் (பல பைப்லைன்கள் பகிரும் நிரல்) திறந்து, எந்தெந்த ஸ்டெப் (கட்டளை) வருகிறது என்று எடுத்து, ஜென்கின்ஸ் தளத்தின் பைப்லைன் ஸ்டெப் பட்டியலில் அது எந்தப் பிளகினுடையது என்று பாருங்கள். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் ரிலீஸ் ஜாபை மறக்காதீர்கள்.

கிருஷ்ணகிரி_லினக்ஸ்:
மேலே சொன்னது சரி. ஆனால் நேரே அன்இன்ஸ்டால் வேண்டாம், முதலில் டிசேபிள் செய்யுங்கள். ஒரு தடவைக்கு நாலைந்து போதும். பிறகு சேஃப் ரீஸ்டார்ட். ஓடும் ஃப்ரீஸ்டைல் பில்டு முடியும்வரை அது காத்திருக்கும்.

பைப்லைன் ஏதாவது 'நோ சச் டிஎஸ்எல் மெத்தட்' (அப்படியொரு ஸ்டெப் இல்லை) என்று விழுந்தால் அந்தப் பிளகின் தேவை என்று அர்த்தம். மேனேஜ் ஓல்டு டேட்டா (ஜென்கின்ஸால் படிக்க முடியாத அமைப்புகளின் பட்டியல்) பக்கத்தையும் பாருங்கள். அங்கே 'டிஸ்கார்டு' பொத்தானை அமுக்காதீர்கள். டிசேபிள் செய்திருக்கும் நாட்களில் ஜாப் செட்டிங்கைத் திறந்து யாரும் சேவ் செய்யவும் கூடாது. சேவ் செய்தால் அந்தப் பிளகினின் அமைப்பு எக்ஸ்எம்எல்லில் இருந்தே போய்விடும், மறுபடி எனேபிள் செய்தாலும் திரும்பாது.

லாகின், அனுமதி சம்பந்தப்பட்ட பிளகின்களை இந்தச் சோதனையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் ஒன்றை நிறுத்தினால் ஜென்கின்ஸ் எழும்பவே எழும்பாது. ஃபோல்டர்ஸ் பிளகினும் அப்படித்தான், நிறுத்தினால் உள்ளே இருக்கும் ஜாப் அத்தனையும் திரையில் இருந்து மறைந்துவிடும்.

ஓசூர்_பில்டு:
நன்றி சார். சிலவற்றுக்கு அன்இன்ஸ்டால் பொத்தானே அமுங்கவில்லையே?

தருமபுரி_டெவாப்ஸ்:
வேறொரு பிளகின் அதைச் சார்ந்திருக்கிறது. அப்படிச் சார்ந்திருக்கும் பிளகினை முதலில் நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் இது விடுபடும். இது தானாக நீங்காது, மறுபடி பட்டியலைப் பார்த்து நீங்கள்தான் எடுக்க வேண்டும். மிகப் பழைய பிளகின் ஒன்று இருந்தால், ஒரு காலத்தில் ஜென்கின்ஸுக்குள்ளேயே இருந்து பின்னர் பிரிக்கப்பட்ட பிளகின்களையும் அது பிடித்து வைத்திருக்கும். அந்தப் பழையதை அப்டேட் செய்தாலே பல நேரம் பிடி விட்டுவிடும்.

மாதாந்திர மின்நிறுத்த நாளில் சர்வரை எப்படியும் நிறுத்துவீர்கள். கரண்ட் வந்த பிறகு இதைச் செய்யுங்கள், தனியாக நேரம் கேட்க வேண்டியதில்லை.