பி.எஸ்சி. தகவல் தொழில்நுட்பம் முடித்தவர்கள் மதுரையிலிருந்து எந்த வேலைகளுக்குத் தயாராகலாம்?

உசிலம்பட்டி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. தகவல் தொழில்நுட்பம் படித்து, கடைசிப் பருவத் தேர்வின் முடிவுக்காகக் காத்திருக்கிறேன். இதுவரை அரியர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அங்கே கணிதமும் ஒரு பாடம். கல்லூரியில் சி, ஜாவா, டேட்டாபேஸ், நெட்வொர்க்கிங் எல்லாம் நடத்தினார்கள். ரெக்கார்டு நோட்டில் உள்ள புரோகிராமை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அதையே கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறேன்.

கேம்பஸ் இன்டர்வியூவில் சென்னையில் ஒரு கால் சென்டர் வேலை கிடைத்திருக்கிறது. இரவுப் பணி என்பதால் வீட்டில் தயங்குகிறார்கள். இதற்கிடையில் ஒரு கன்சல்டன்சியிலிருந்து அடிக்கடி போன் செய்து, இணையச் செயலியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எழுதக் கற்பிக்கும் ஃபுல் ஸ்டாக் பயிற்சிக்கு முன்பணம் கட்டினால் ஐடி கம்பெனியில் வேலை உறுதி என்கிறார்கள். அவர்கள் கேட்கும் தொகைக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் படிப்புக்கு உண்மையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு எந்தத் திறன்கள் வேண்டும், மதுரையிலேயே இருந்துகொண்டு இந்தத் துறையில் முன்னேற முடியுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால், என்னைப் போன்ற பலருக்கும் உதவியாக இருக்கும்.

இலந்தைக்குளம் டெவலப்பர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். முதலில் நகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: அடகு வைக்க வேண்டாம். முறையாக நடக்கும் எந்த நிறுவனமும் வேலைக்குச் சேர்பவரிடம் பணம் கேட்பதில்லை. நல்ல பயிற்சி மையங்களும் இருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை உறுதி என்று சொல்லிப் பணம் வாங்குபவர்களில் சிலர், பயிற்சி முடிந்ததும் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் இருப்பதாகப் போலிச் சான்றிதழ் தயாரித்துக் கொடுத்து நேர்காணலுக்கு அனுப்புகிறார்கள். இன்று நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதியில் ஒவ்வொருவருக்கும் உள்ள யுஏஎன் எண்ணின் கணக்கைப் பார்த்தே முந்தைய வேலையைச் சரிபார்த்துவிடுகின்றன. பொய் வெளிப்பட்டால் வேலை போவது அந்தப் பிள்ளைக்குத்தான். பணம் வாங்கியவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

இனி வேலைகள். புரோகிராம் எழுதும் டெவலப்மென்ட், எழுதியதைச் சோதிக்கும் டெஸ்டிங், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளையும் சர்வர்களையும் கவனிக்கும் சப்போர்ட், நெட்வொர்க் மற்றும் கிளவுட் நிர்வாகம், தகவல்களைத் தொகுத்து அறிக்கையாக்கும் டேட்டா அனலிடிக்ஸ் ஆகியவையே புதிதாகப் படிப்பை முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் திறக்கும் வாசல்கள். விளம்பரங்களில் இவற்றுக்கு நூறு பெயர்கள் வைத்திருப்பார்கள். அந்தப் பெயர்களைக் கண்டு மலைக்க வேண்டாம். எந்த வாசலில் நுழைந்தாலும் கேட்கப்படும் அடிப்படை ஒன்றுதான்: ஏதாவது ஒரு நிரல்மொழியில் சொந்தமாக யோசித்து எழுதும் திறமை, டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழி, லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைகள், பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால் அந்தப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் முதல் சர்வர் வரை என்ன நடக்கிறது என்ற தெளிவு, செய்த வேலையை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் ஒழுங்காகச் சேமிக்கும் பழக்கம். ஜாவாவா பைத்தானா என்று மாதக்கணக்கில் விசாரிப்பதைவிட, உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகமான ஜாவாவையே ஆழமாகப் படியுங்கள்.

ரெக்கார்டு நோட்டைத் தாண்டி யோசிக்கத் தடுமாறுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரே மருந்து, யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே பயன்படும் ஒன்றைச் செய்து பார்ப்பதுதான். உதாரணத்துக்கு, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் பில் போடும் மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இரண்டு பில்லிங் கவுன்டர்கள். ஒரு சேலை ரகத்தில் கணக்குப்படி ஒரே ஒரு உருப்படி மீதம் இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் இரண்டு கவுன்டரிலும் ஒரே நொடியில் அந்தச் சேலைக்குப் பில் போடுகிறார்கள். உங்கள் புரோகிராம் முதலில் இருப்பைப் படித்து, ஒன்று இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு ஒன்றைக் கழித்து எழுதுவதாக இருந்தால், இரண்டு கவுன்டரும் ஒன்று என்றே படிக்கும். இரண்டும் பூஜ்யம் என்று எழுதும். இல்லாத சேலைக்கு ஒரு பில் வந்துவிடும். இதைத் தடுக்க, இருப்பு ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் கழிக்கவும் என்று நிபந்தனையோடு கூடிய ஒரே அப்டேட் கட்டளையாக எழுதி, எத்தனை வரிசை மாறியது என்று பார்க்க வேண்டும். ஒரு வரிசையும் மாறவில்லை என்றால் சரக்கு இல்லை என்று கவுன்டருக்குச் சொல்ல வேண்டும். இருப்பைக் கழிப்பதும் பில்லைப் பதிவதும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள், அதாவது இரண்டும் சேர்ந்தே நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது என்ற கட்டுக்குள், நடக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மின்சாரம் போனால் சரக்கு குறைந்திருக்கும், பில் இருக்காது. டிரான்சாக்ஷன் பாடத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவரையும், இப்படி ஒரு சிக்கலைச் சந்தித்துத் தீர்த்தவரையும் நேர்காணலில் ஐந்து நிமிடத்தில் பிரித்தறிந்துவிடலாம்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து, இனி கோடிங் படிப்பது வீண் என்று பலர் பயமுறுத்துகிறார்கள். எளிய நிரலை அந்தக் கருவிகள் நொடியில் எழுதித் தருகின்றன என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன பில்லிங் புரோகிராமைக் கேட்டால், ஒரு கவுன்டருக்குச் சரியாக ஓடி, இரண்டு கவுன்டருக்குத் தவறாகும் நிரலையும் அவை தரக்கூடும். அதை வாசித்துப் பார்த்து எங்கே பிழைக்கும் என்று சொல்லத் தெரிந்தவர் நிறுவனத்துக்கு வேண்டும். ஆகவே அந்தக் கருவிகளைப் பயன்படுத்துங்கள். ஆனால் புரியாத ஒரு வரியைக்கூட உங்கள் புராஜெக்டில் சேர்க்காதீர்கள்.

மதுரையில் வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் சென்னை அளவுக்கு இல்லை. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் உள்ளன; எச்சிஎல், ஹனிவெல் போன்ற பெரிய நிறுவனங்கள் நம் ஊரில் இயங்குகின்றன; மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றோடு அண்ணா நகர், கே.கே. நகர் பகுதிகளில் சிறிய நிறுவனங்களும் உண்டு. சிறிய நிறுவனத்தில் சம்பளம் குறைவாக இருந்தாலும், வாடிக்கையாளரிடம் பேசுவது முதல் சர்வரில் ஏற்றுவது வரை எல்லா வேலையும் கைக்கு வரும்.

மருத்துவமனை கணினிப் பிரிவு எழுதியது:

மேலே சகோதரர் எழுதிய அனைத்தையும் ஏற்கிறேன். ஆயினும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஐடி படித்தவர்களுக்கு ஐடி கம்பெனியில் மட்டுமே வேலை என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. மதுரை மருத்துவமனைகளின் ஊர். நோயாளிப் பதிவு, ஆய்வக முடிவு, மருந்தகம், காப்பீடு என்று ஒரு பெரிய மருத்துவமனையின் ஒவ்வொரு மூலையும் கணினியில்தான் நடக்கிறது. ஸ்கேன் படங்களுக்கு டைகாம், மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கு எச்எல்7 என்று தனித் தரமுறைகள் இருக்கின்றன. இவற்றை அறிந்த ஆட்கள் எளிதில் கிடைப்பதில்லை. நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைப் படத்தைப் பார்த்துக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவுக்காக கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நம் அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் பயன்பட்டன. அத்தகைய ஆய்வுக்குப் பின்னால், படங்களைச் சேகரித்து, பெயர் நீக்கி, தரம் பார்த்து, வகைப்படுத்தி வைக்கும் பெரும் உழைப்பு இருக்கிறது; தகவல் தொழில்நுட்பம் படித்தவர்கள் பொறுமையோடு செய்யக்கூடிய, மதிப்புள்ள வேலை அது.

சப்போர்ட் வேலையைத் தாழ்வாக நினைப்பவர்களும் உண்டு. நள்ளிரவில் அவசரப் பிரிவின் சர்வர் நின்றால், நடந்தவை பதிவாகும் லாக் கோப்பைப் படித்து, டிஸ்க் நிறைந்துவிட்டதா, நெட்வொர்க் அறுந்ததா, டேட்டாபேஸ் பூட்டிக்கொண்டதா என்று வரிசையாக விலக்கிக் காரணத்தைப் பிடிப்பவரின் திறமை எந்த டெவலப்பருக்கும் குறைந்ததல்ல. இதில் ஆர்வம் இருந்தால் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, அதை நீங்களே கெடுத்து நீங்களே சரிசெய்யுங்கள். பிறகு நெட்வொர்க்கிங்குக்கான சிசிஎன்ஏ அல்லது லினக்ஸ் நிர்வாகத்துக்கான, ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வைப் பற்றி யோசிக்கலாம். ஆர்எச்சிஎஸ்ஏ முழுக்க செய்முறைத் தேர்வு என்பதால், அதில் தேறியவர்மீது தனி நம்பிக்கை வருகிறது.

உசிலம்பட்டி மாணவி எழுதியது:

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இந்தப் பதில்களை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கன்சல்டன்சிக்குப் பணம் கட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். எம்.சி.ஏ. படிப்பது பற்றியும், வங்கி, அரசுத் தேர்வுகள் பற்றியும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். சித்தப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்.

பசுமலை பேராசிரியர் எழுதியது:

அன்புள்ள மாணவிக்கு, விண்ணப்பிக்கும் முன் தகுதி விதிகளை நீங்களே படிக்க வேண்டும். உறவினர் சொல்வதைக் கேட்டு ஓராண்டைச் செலவிட்ட மாணவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். வங்கியில் கிளார்க், புரபேஷனரி ஆபீசர் தேர்வுகளை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஆனால் வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐபிபிஎஸ் நிறுவனம் நடத்தும் சிறப்பு அதிகாரி தேர்வில் ஐடி ஆபீசர் பதவிக்கு, கணினி சார்ந்த நான்கு ஆண்டுப் பொறியியல் பட்டமோ, அத்துறையில் முதுநிலைப் பட்டமோ, பட்டத்துடன் டோயெக் என்ற அரசுக் கணினித் தேர்வு அமைப்பின் பி நிலைத் தேர்ச்சியோ கேட்கிறார்கள். பி.எஸ்சி. மட்டும் அதற்குப் போதாது. அரசுப் பள்ளியில் முதுநிலைக் கணினிப் பயிற்றுநர் ஆவதற்கு முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 உள்ளிட்ட பொதுத் தேர்வுகளுக்கு உங்கள் பட்டம் போதுமானது. ஆனால் அவை ஐடி வேலைகள் அல்ல, தயாரிப்பும் வேறு. மனத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு இரண்டுக்கும் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எம்.சி.ஏ. முன்பு மூன்று ஆண்டுகள். 2020-21 கல்வியாண்டு முதல் இரண்டு ஆண்டுகள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வின் மூலம் தமிழகக் கல்லூரிகளிலும், நிம்செட் தேர்வின் மூலம் திருச்சி உள்ளிட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகங்களிலும் (என்ஐடி) சேரலாம். நிம்செட்டில் கணிதத்துக்கே அதிக முக்கியத்துவம் என்பதால், பள்ளிக் கணிதத்தை இப்போதே தூசு தட்டுங்கள். என்ஐடியிலோ பெயர் பெற்ற கல்லூரியிலோ இடம் கிடைத்தால் எம்.சி.ஏ. நிச்சயம் பயன் தரும். கேம்பஸ் வாய்ப்புகள் வேறு தரத்தில் இருக்கும். வேலை கிடைக்கவில்லையே என்பதற்காக ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்து, மீண்டும் ரெக்கார்டு நோட்டு எழுதுவதாக இருந்தால் வேண்டாம். குடும்பத்துக்கு வருமானம் தேவை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பி.சி.ஏ., பி.எஸ்சி. பட்டதாரிகளை வேலையில் சேர்த்துக்கொண்டு, நிறுவனச் செலவிலேயே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டத்தை விப்ரோ நடத்துகிறது. அத்தகைய திட்டங்களில் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தம் இருக்கும். கையெழுத்திடும் முன் வரி விடாமல் படியுங்கள்.

பணம் செலவில்லாமல் படிக்க இன்று வழிகள் ஏராளம். ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் இணையவழிப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் உங்கள் கல்லூரி எந்தப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறது என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். வீட்டில் அமைதியாகப் படிக்க இடம் இல்லை என்றால், புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே என் மாணவர்கள் பலரைப் பார்க்கிறேன்.

சென்னையில் ஒரு மதுரைக்காரர் எழுதியது:

மதுரையிலேயே இருக்க வேண்டும் என்ற விருப்பம் நியாயமானதுதான். இருந்தாலும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளாவது சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ வேலை செய்ய வாய்ப்பு வந்தால் தயங்காமல் போங்கள் என்றே சொல்வேன். வேலை மாறுவதற்கான வாய்ப்பு அங்கே அதிகம். அனுபவம் கையில் இருந்தால் பிறகு ஊருக்குத் திரும்புவதும் எளிது. கால் சென்டர் வேலையைப் பொறுத்தவரை, அது எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளரின் மென்பொருள் சிக்கலைத் தீர்க்கும் டெக்னிகல் சப்போர்ட் என்றால் அதில் கற்க நிறைய இருக்கிறது. வெறும் விற்பனை அழைப்பு என்றால், ஆங்கிலம் பழகும் என்பதைத் தவிர உங்கள் படிப்புக்கு அதனால் பயன் குறைவு. பெண்களுக்கான இரவு நேர வாகன வசதி, பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்கு அஞ்சுவதை ஒவ்வொரு நேர்காணலிலும் பார்க்கிறேன், மனம் கனக்கிறது. இலக்கண சுத்தமான ஆங்கிலத்தை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. என்ன செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள், எங்கே சிக்கியது, எப்படித் தீர்த்தீர்கள் என்ற நான்கையும் சிறு சிறு வாக்கியங்களில் சொல்ல முடிந்தால் போதும். உங்கள் புராஜெக்டை இப்படி ஆங்கிலத்தில் விளக்கி, செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். தயங்கும் இடங்கள் உங்களுக்கே தெரியும். ரெஸ்யூமே ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கல்லூரியில் பெயர் கேள்விப்பட்ட மொழிகளை எல்லாம் அதில் அடுக்காதீர்கள்; எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் கேள்வி வரும். அண்ணன் சொன்ன பில்லிங் புரோகிராமை முடித்துவிட்டால், நிரல்களை எல்லோரும் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஏற்றி, அதன் முகவரியை ரெஸ்யூமேயில் உங்கள் பெயருக்குக் கீழேயே போடுங்கள், மதிப்பெண்ணுக்கும் முன்னால்.