அம்மாவுக்கு முழங்கால் வலி, நெர்ஹாவிலிருந்து ஃப்ரிகிலியானா போகலாமா?

வெயில்குருவி:
அக்டோபர் இரண்டாவது வாரம் நானும் அம்மாவும் தெற்கு ஸ்பெயின் போகிறோம். நெர்ஹாவில் மூன்று இரவுக்கு அறை போட்டாயிற்று. பக்கத்து மலையில் ஃப்ரிகிலியானா என்று வெள்ளை வெளேரென்று ஓர் ஊர் இருக்கிறதே, அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து அம்மா தினமும் அதையேதான் கேட்கிறார். அவருக்கு 68 வயது, இடது முழங்கால் தேய்மானம். சமதரையென்றால் ஒரு மணி நேரம்கூட நடப்பார், படியென்றால் இருபது ஏறியதும் உட்கார இடம் தேடுவார். படங்களிலோ எங்கே பார்த்தாலும் படிதான். போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள், கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா? ஓர் இரவு அங்கேயே தங்கலாமா என்றும் ஒரு யோசனை. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

மாலகாவாசி:
முதலில் பெயர். அது ஃப்ரிஹிலியானா, ‘கி’ இல்லை, ‘ஹி’. பேருந்து நிறுத்தத்தில் ‘கி’ போட்டுக் கேட்டால் முழிப்பார்கள் (எனக்கு நடந்தது).

தாராளமாகக் கூட்டிப்போங்கள். நெர்ஹாவிலிருந்து ஆறு கிலோமீட்டர்தான், பேருந்தில் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், வண்டி குறைவு. ஊர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 300 மீட்டரில் இருக்கிறது என்றாலும் அந்த ஏற்றத்தையெல்லாம் பேருந்தே ஏறிவிடும், பழைய ஊரின் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். அங்கே ‘எல் இன்ஹெனியோ’ என்று பெரிய பழைய கட்டடம் தெரியும், 16ஆம் நூற்றாண்டு மாளிகை, இப்போது கரும்புப் பாகு காய்ச்சும் ஆலை. ஐரோப்பாவில் இந்தத் தொழில் நடக்கும் கடைசி ஆலை இதுதான் என்கிறார்கள். அதைத் தாண்டினால் காயே ரியால், அதாவது ராஜவீதி. ஏற்றம்தான், ஆனால் சாய்வான தெரு, மெதுவாக நடந்தால் சான் அந்தோனியோ தேவாலயச் சதுக்கம் வரை போய்விடலாம், அங்கே உட்கார்ந்து ஒரு காபி. அதற்கு மேலே இருக்கிற சந்துகள்தான் நீங்கள் படத்தில் பார்த்த படிகள். அதில் ஒரே ஒரு சந்து ஏறினால் போதும், எல்லாம் ஏற வேண்டும் என்று யார் சொன்னது? ஊரைச் சுற்றிக்காட்ட ஒரு குட்டி சுற்றுலா ரயில்வண்டியும் ஓடுகிறது, படிச்சந்துக்குள் அது நுழையாது, ஆனால் கால் வலிக்கிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

முழங்காலை விடச் செருப்பைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். தரையெல்லாம் கூழாங்கல், கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம் போட்டதுபோல் பதித்திருப்பார்கள், ஒவ்வொரு கல்லும் புளியங்கொட்டை மாதிரி வழவழப்பு. காலையில் வீட்டுக்காரர்கள் வாசல் கழுவிவிட்ட ஈரம் இருந்தால் எனக்கே வழுக்கும். அடியில் ரப்பர் உள்ள ஷூ கட்டாயம். ஏறுவதை விட இறங்குவதுதான் முட்டிக்குக் கஷ்டம், அதனால் மேலே போக ஆசைப்பட்டால் ரயிலில் பாதி, நடந்து பாதி என்று வையுங்கள்.

பழஞ்செருப்பு:
அங்கேயே தங்குவது பற்றி. நான் தங்கினேன், பட்டேன். இணையத்தில் வீட்டைப் பதிவு செய்தபோது ‘மையத்தில் இருக்கிறது, காட்சி பிரமாதம்’ என்று போட்டிருந்தார்கள், கார் வாசலுக்கு வராது என்பதை எங்குமே சொல்லவில்லை. கீழே பெட்டியோடு இறங்கியபிறகுதான் தெரிந்தது, 84 படி. எண்ணினேன், வேறு வேலை இல்லையே. நான் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றபோது ஒரு கோவேறு கழுதை முதுகில் சிமெண்ட் மூட்டையோடு என்னைத் தாண்டிப் போனது, பின்னாலேயே ஒருவர் போனில் பேசிக்கொண்டே. அந்தச் சந்துகளில் வீடு கட்ட, பழுது பார்க்க இன்றும் சாமான் ஏற்றுவது கழுதைதான். இரவு எட்டு மணிக்கு மேல் பகல் கூட்டமெல்லாம் போனபிறகு அந்த ஊர் வேறு ஊர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் அம்மாவோடு வேண்டாம். நெர்ஹாவிலேயே தூங்குங்கள்.

அப்புறம் ஒன்று. மேல் பகுதிக்கு பார்ரிபார்த்தோ என்று பெயர், மொரிஸ்கோக்கள் வாழ்ந்த தெருக்கள். சுவர்களில் ஆங்காங்கே பீங்கான் ஓட்டுப் பலகைகள் பதித்திருக்கும், மொத்தம் 12. பலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே போகிறார்கள். அது அலங்காரம் இல்லை, ஒரு போரின் கதை. கிறிஸ்தவத்துக்கு மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வம்சம்தான் மொரிஸ்கோக்கள். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னர் அவர்களுடைய அரபு மொழி, உடை, குளியல் வீடு எல்லாவற்றுக்கும் தடை போட்டார், அடுத்த வருடக் கடைசியில் அல்புஹாரா மலைகளில் கலகம் வெடித்தது. அது இங்கே பரவியபோது சுற்றுவட்டார ஜனங்கள் ஊருக்குப் பின்னாலுள்ள மலைக்கோட்டையில் ஏறிக்கொண்டார்கள். 1569 ஜூனில் அரச படை ஏறி வந்து முடித்துவிட்டது. பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று பாறையிலிருந்து குதித்த பெண்களைப் பற்றிக்கூட ஒரு பலகை சொல்கிறது. எல்லாம் ஸ்பானிய மொழியில் இருக்கும், போனில் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பின்னால் எல் ஃபுவேர்தே மலையைப் பார்த்தபோது எனக்கு ஐஸ்கிரீம் இறங்கவில்லை.

தேன்சிட்டு_77:
மன்னிக்கவும், நான் எதிர்க்கட்சி. ஃப்ரிஹிலியானா அழகுதான், ஆனால் பகல் 11 மணிக்குப் போனால் பூந்தொட்டிக்கு முன்னால் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும், கடைக்குக் கடை அதே பீங்கான் கிண்ணம். நிஜமான மலைக்கிராமம் வேண்டுமென்றால் அல்புஹாராவில் கப்பிலேய்ரா, புபியோன், பம்பனேய்ரா போங்கள். ஓடு வேய்ந்த கூரையே கிடையாது, சாம்பல் நிறக் களிமண் கொட்டிய தட்டைக் கூரை, தெருவுக்கு மேலேயே வீடு நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் வாய்க்கால் சலசலக்கும். கிரனாடாவிலிருந்து பேருந்து இருக்கிறது.

மாலகாவாசி:
சிட்டு, சொல்வது சரி, எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் கப்பிலேய்ரா 1,400 மீட்டருக்கு மேலே, கொண்டை ஊசி வளைவாக வளைந்து போகும் பாதை, நெர்ஹாவிலிருந்து கிரனாடா போய் அங்கிருந்து போவதென்றால் நாள் முழுக்கப் பேருந்துதான். படியும் ஏற்றமும் அங்கே மட்டும் குறைவா என்ன? முழங்கால் வலிக்காரருக்கு இது பதில் இல்லை. கூட்டத்துக்கு வழி, காலை ஒன்பதரைக்குள் போய்விடுவது.

சாப்பாடு சொல்ல மறந்துவிட்டேன். பெரென்ஹேனாஸ் கோன் மியேல் கேளுங்கள், கத்தரிக்காயை மாவில் தோய்த்துப் பொரித்து மேலே அந்தக் கரும்புப் பாகை ஊற்றித் தருவது. பாகு கறுப்பாக, லேசான கசப்போடு, கிட்டத்தட்ட நம் வெல்லப்பாகுதான், அம்மாவுக்குப் பிடித்துப்போகும். மாவில் முட்டை சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ‘சின் உவேவோ’ என்றால் முட்டை இல்லாமல். பாதாம், பூண்டு, ரொட்டி அரைத்துக் குளிரக் கொடுக்கும் அஹோப்லான்கோ சூப்பும் சைவம். சாலட் சைவம் என்று நம்பிவிடாதீர்கள், சொல்லாமலே டூனா மீனைத் தூவி வைப்பார்கள். சமையலறை மதியம் ஒன்றரைக்கு மேல்தான் சுறுசுறுப்பாகும், நாலு மணிக்குப் போனால் பெரும்பாலும் பூட்டு.

வெயில்குருவி:
எல்லாருக்கும் நன்றி. தங்கும் யோசனையைக் கைவிட்டாயிற்று, 84 படியே போதும். வியாழன் காலை முதல் பேருந்து, ராஜவீதி, தேவாலயம், ரயில், கத்தரிக்காய். படிச்சந்து ஒன்று, அதுவும் அம்மா சரியென்றால்தான். பலகைகளை நான் மட்டும் மேலே போய்ப் படித்துவிட்டு வந்து அவருக்குக் கதை சொல்கிறேன். அம்மா இப்போது கேட்பது, அந்தப் பாகு ஒரு பாட்டில் வாங்கினால் கைப்பையில் வைத்து விமானத்தில் கொண்டுவரலாமா என்று.

பழஞ்செருப்பு:
100 மில்லிக்கு மேல் என்றால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள், பாகும் அவர்கள் கணக்கில் திரவம்தான். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே, இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு. ஒரு பை போதாது, என் நீலச் சட்டை சாட்சி.