பட்டா நிலத்தில் பட்டுப்போன பனை: வெட்ட அனுமதி பெறுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையிலுள்ள கடலோரச் சிற்றூரில், எங்கள் பட்டா நிலத்து வரப்பில் நிற்கும் பனைகளுள் இரண்டு, சென்ற ஐப்பசியில் இடி விழுந்து குருத்துக் கருகி மொட்டையாகிவிட்டன. அவற்றுள் ஒன்று பக்கத்து ஓட்டு வீட்டின் பக்கம் சாய்ந்திருக்கிறது; தூரைத் தட்டினால் பொந்து விழுந்த ஓசை கேட்கிறது.

மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என 2021 ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதை அறிவேன். செங்கல் சூளைகளுக்குப் பனைகள் லாரி லாரியாகப் போனதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அந்தக் கட்டுப்பாட்டில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் பட்டுப்போன மரத்துக்கும் அதே நடைமுறைதானா என்று கேட்டால், ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டுகிறது.

மனுவை முதலில் யாரிடம் அளிக்க வேண்டும், சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்களின் நகல்களுடன் மரத்தின் படமும் இணைக்க வேண்டுமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். மற்றொரு மரம் வைரம் பாய்ந்தது. அதைக் கூரைக்கான கைமரமாக அறுக்க இராமநாதபுரம் கொண்டுசெல்வதற்கு, 1968 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை அனுமதிச் சீட்டும் தேவைப்படுமா? அண்மையில் அனுமதி பெற்றவர்கள் மனுவின் மாதிரியைப் பகிர்ந்தால், அடுத்த காற்றுக்கு முன் சாய்ந்த மரத்தை இறக்கிவிடுவோம்.